உட்கார்ந்து போடும் கணக்கு

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
சாலமோனின் ஞானம் 9:13-18; பிலமோன் 9-10, 12-17; லூக்கா 14:25-33



ஆண்டவர் தச்சர் வீட்டில் வளர்ந்தவர். பாதியில் நின்றுபோன கட்டடம் எப்படி இருக்கும், அதைப் பார்த்து ஊர் எப்படிச் சிரிக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபுரம் கட்ட ஆசைப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இன்றைய நற்செய்தியில் கேட்கிறார். நம் தெருவிலும் அப்படி நிற்கும் வீடுகள் உண்டு. மாடிக்கென்று விட்ட கம்பி தூணுக்கு மேலே துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் யாராவது இங்கே இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று நான் வீட்டைப் பற்றிப் பேச வரவில்லை. செகண்ட் ஹேண்ட் காரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சிரிக்கிறீர்கள். ஆனால் அறைவீட்டு வாசலில் "சாமி, வண்டியைக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க" என்று வந்து நிற்பவர்களில் புது வண்டிக்காரர்கள் குறைவு. லட்சம் கிலோமீட்டர், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியோடுதான் பலரும் வருகிறீர்கள். தண்ணீர் தெளித்து, செபம் சொல்லி, மாதா சுரூபத்தை டேஷ்போர்டில் ஒட்டி அனுப்பி வைக்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே ஆள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். கேட்டால், "வண்டி ஒர்க்ஷாப்ல கெடக்கு சாமி" என்பார். வாங்கிய பிறகு வருகிறீர்கள். வாங்குவதற்கு முன்னால் யாரும் வருவதில்லை. அதனால்தான் நற்செய்தி இடம் தந்த இன்றைக்கு, முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு கூச்சத்தை விலக்கிவிடுவோம். அதிகம் ஓடிய வண்டியை வாங்குவதில் கேவலம் எதுவும் இல்லை. 2013 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் குருமாணவர்களையும் நவதுறவியரையும் சந்தித்தபோது, புத்தம்புது மாடல் காரில் குருவோ கன்னியரோ போவதைப் பார்த்தால் தமக்கு மனம் வலிக்கிறது என்றார். கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்குத் தேவைதான், ஆனால் எளியதாகப் பாருங்கள் என்றார். அதைக் கேட்ட இத்தாலியக் குரு ஒருவர், வெரோனா நகரின் தொழிலாளர் குடியிருப்பில் ஊழியம் செய்தவர், தமது பழைய ரெனோ 4 காரை அவருக்கே கொடுக்க முன்வந்தார். 1984ஆம் ஆண்டு வண்டி. ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. அந்த செப்டம்பரில் திருத்தந்தை அதை வாங்கிக்கொண்டார். அர்ஜென்டினாவில் தாமும் அதே வகை வண்டி வைத்திருந்ததாகவும், அது ஒருநாளும் தம்மை நடுவழியில் விட்டதில்லை என்றும் சொன்னார். மூன்று லட்சம் கிலோமீட்டரும் ஏழைகளின் வீட்டு வாசலுக்குப் போய்வந்து சேர்ந்த எண். அந்த எண்ணைக் கொடுத்தவரும் மறைக்கவில்லை, வாங்கியவரும் கேட்டு முகம் சுளிக்கவில்லை.

ஓடிய தூரம் குற்றமாகாது. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எப்படி ஓடியது என்பதுதான் முக்கியம். நாற்கர சாலையில் சீராக ஓடிய ஒன்றரை லட்சத்தை என்ஜின் தாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று டவுனுக்குள்ளேயே ஓடிய அறுபதாயிரத்தில், என்ஜின் சூடேறும் முன்பே அணைத்து அணைத்து, கிளட்சை மிதித்து மிதித்து, வண்டி அதைவிடக் களைத்திருக்கும். ஓடாமலே ஷெட்டில் நின்ற வண்டியும் முழுசாக இருக்காது. ரப்பரும் டயரும் வயதால் கெடும், தூரத்தால் மட்டும் கெடுவதில்லை. வண்டிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். நம்மில் பலர்தான் மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து, குறைவாக இருந்தால் கை குவிக்கிறோம். நாம் அப்படிக் கும்பிடுவதால்தான் அதைத் திருத்திவைக்க ஆள் இருக்கிறது.

யோசுவா நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு கதை உண்டு. கிபயோன் மக்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். இஸ்ரயேலுக்குப் பயந்து, தொலைதேசத்தார் போல வேடம் போட்டு வருகிறார்கள். கழுதைமேல் பழைய சாக்கு, கிழிந்து தைத்த திராட்சை மதுத் தோற்பை, ஒட்டுப்போட்ட செருப்பு, காய்ந்து உதிரும் ரொட்டி. நெடுந்தூரம் வந்தவர்கள் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். இஸ்ரயேலின் தலைவர்கள் ரொட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், ஆண்டவரிடம் கேட்கவில்லை. ஆணையிட்டு உடன்படிக்கை செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் உண்மை தெரிந்தது.

நம் காலத்து வண்டிச் சந்தையில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. கிபயோனியர் பக்கத்திலிருந்து வந்து, வெகுதூரம் வந்ததாகக் காட்டினார்கள். இங்கே வெகுதூரம் ஓடியதைப் பக்கத்தில் நின்றதாகக் காட்டுகிறார்கள். டிஜிட்டல் மீட்டர் வந்தால் ஏமாற்று ஒழியும் என்று நினைத்தோம். லேப்டாப்பைச் செருகி அதையும் மாற்றுகிறார்கள். இரண்டு லட்சம், எழுபதாயிரமாகிறது.

நம் பங்கில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரோடு, ஒரு குடும்பத்துக்காக வண்டி பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டில் அம்மாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. தேவை உண்மையான தேவை. வண்டி பளபளவென்று நின்றது. அண்ணன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து, குனிந்து, கால் வைக்கும் இடத்தில் டார்ச் அடித்தார். பிரேக் பெடல் ரப்பரில் வரி ஒன்றுகூட மிச்சமில்லை; ஓரத்தில் இரும்பு தெரிந்தது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கித் துணி நூலாகியிருந்தது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இரண்டு இடம் மட்டும் எண்ணெய் பூசியது போல வழவழப்பு. அதற்குப் பிறகுதான் மீட்டரைப் பார்த்தார். 58,000. "சாமி, மீட்டரை மாத்தத் தெரிஞ்சவனுக்கு மிதிகட்டையை மாத்தத் தோணலை" என்றார். புரோக்கர் தம்பி அந்தப் பக்கமாகத் திரும்பி போன் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வண்டியின் கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கியது. "நம்ம ஆளுங்க வண்டி சாமி, டெய்லி பூசைக்குப் போற குடும்பம்" என்றுதான் அந்தத் தம்பி பேச்சைத் தொடங்கியிருந்தார். கிபயோனியரும் அப்படித்தான் தொடங்கினார்கள் என்பதைப் போய்ப் படித்துப் பாருங்கள். உங்கள் கடவுளின் புகழைக் கேள்விப்பட்டு வந்தோம் என்றார்கள். பக்தியை முன்னால் வைத்துப் பேசுகிறவரிடம் பில்லைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் கூச்சம்? செபமாலை செபிப்பதற்கு. சர்வீஸ் புத்தகம் சர்வீஸ் பார்ப்பதற்கு. இரண்டையும் அதனதன் வேலைக்கு வைத்துக்கொண்டால் மாதாவுக்கும் மரியாதை, நமக்கும் நல்லது.

முதல் வாசகத்தில் ஞான நூல் ஆசிரியர் நம் அறிவின் அளவைச் சொல்கிறார். கைக்கு எட்டும் மண்ணுலக விஷயங்களையே நாம் தட்டுத்தடுமாறி ஊகித்துத்தான் அறிகிறோம், விண்ணுலகை எப்படி அறிவோம் என்கிறார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டுகிற நமக்குச் சொன்னது போலவே இருக்கிறது. ஒரு முழ தூரத்தில் இருக்கிற என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொண்டால் தெரிந்தவரைக் கூப்பிடுவோம். மெக்கானிக்கைக் கூட்டிப்போக ஆயிரம் ரூபாய் ஆகுமே என்று பார்க்காதீர்கள்.

அவர் என்ன பார்ப்பார்? காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது போவார். வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரியும். ஏன் சூடாக்கினாய் என்று கேட்பார். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து, அடுப்புப் போலப் புகை மேலே வருகிறதா என்று பார்ப்பார். பின்னால் போய்ப் புகையின் நிறத்தைப் பார்ப்பார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படுவார். பானெட் போல்ட்டில் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். டிங்கரிங் எதற்கு நடந்தது என்று விசாரிப்பார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் அது கிழட்டு டயர்தான்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள். 2023 டிசம்பரில் முதலில் சென்னையில் மிக்ஜாம் புயல், பிறகு 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எத்தனை வண்டிகள் கூரைவரை முங்கின என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அவையெல்லாம் எங்கே போயின? எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை. சீட் துணியை மாற்றிவிடலாம், சென்ட் அடித்துவிடலாம். பெல்ட் சுருண்டு உள்ளே போகும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் உள்ள குழியையும் பாருங்கள். வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒருவருக்கு, வெள்ளத்தில் முங்கிய வண்டியையே நல்ல வண்டி என்று விற்கிற மனசை என்னவென்று சொல்வது? ஆமோஸ் இறைவாக்கினர் இருந்திருந்தால் பெயர் வைத்திருப்பார். கோதுமையின் கழிவையும் சேர்த்து விற்றவர்களைக் கண்டே அவர் அவ்வளவு கொதித்தார்.

இனி கோபுரத்துக்கு வருகிறேன். ஆண்டவர் சொன்ன அந்த ஆளிடம் அஸ்திவாரம் போடுகிற அளவுக்குப் பணம் இருந்தது. அதுதான் அவருக்கு வந்த சிக்கல். சுத்தமாகப் பணமே இல்லாதவன் கோபுரம் கட்ட இறங்கியிருக்கமாட்டான். நம் கதையும் அதுதான். ஒரு பேச்சுக்கு, கையில் மூன்று லட்சம் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கே வண்டி பார்க்கிறோம். வாங்கி வந்த மறுநாள்தான் மீதிக் கதை ஆரம்பிக்கிறது. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், நாலு டயர், பேட்டரி. ஒன்றரை லட்சம் ஓடிய டீசல் வண்டியில் கிளட்ச் செட் மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கலாம். டர்போவும் இன்ஜெக்டரும் பேசத் தொடங்கினால் பத்தாயிரங்களில்தான் பேசும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், அது எப்போது மாற்றப்பட்டது என்று பில்லோடு கேளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போய்விடும். பழைய ஓனர் அந்தச் செலவு வரும் என்று தெரிந்துதான் விற்கிறாரோ என்று யோசிப்பது பாவமில்லை. மூன்று லட்சம் இருந்தால் இரண்டேகால் லட்சத்து வண்டியைப் பாருங்கள். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். என் பேச்சைக் கேட்டு யாரும் இதுவரை அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

வயதையும் கணக்கில் சேருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். அதற்கு மேல் எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதிமூன்று வயது வண்டியை வாங்குகிறவர் அதன் பதினைந்தாவது பிறந்தநாளுக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். விற்றவர் "எனக்கு இன்சூரன்ஸில் ஐம்பது சதவீதம் தள்ளுபடி" என்பார். உண்மைதான். விபத்துக் கேட்பு இல்லாததற்குக் கிடைத்த அந்தச் சலுகை அவருக்கு; வண்டியோடு உங்களிடம் வராது. நல்லபடியாக ஓட்டிய புண்ணியம் ஓட்டியவரோடு போய்விடும், பாருங்கள். கல்யாணத்துக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் மட்டும்தான் வண்டி வேண்டும் என்றால், இத்தனை கணக்கும் வேண்டாம். வாடகை வண்டி எடுங்கள்.

இதுவரை வாங்குகிறவருக்குச் சொன்னேன். விற்கிறவர்களும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கார் கிடையாது. குதிரை இருந்தது; குதிரைச் சந்தையில் இல்லாத பொய் இன்றைய சந்தையிலும் கிடையாது. புனித தோமா அக்குவினாஸ் தமது பெருநூலில் கடவுளையும் வானதூதரையும் பற்றி எழுதிய அதே கையால், குதிரை விற்பனையைப் பற்றியும் எழுதினார். விற்கிறவன் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்று கேள்வி போடுகிறார். ஒற்றைக் கண் குதிரை என்றால் யாருக்கும் பார்த்ததும் தெரியும். அதை வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, விலையில் அந்தக் கண்ணுக்கு உரியதைக் கழித்துக்கொள் என்கிறார். ஆனால் வெளியே தெரியாத குறை, வாங்குகிறவனுக்கு நட்டமோ ஆபத்தோ தரக்கூடிய குறை என்றால் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்றால் அந்த விற்பனை நேர்மையற்றது, நட்டத்தை ஈடு செய்யவும் வேண்டும். நொண்டிக் குதிரையை வேகக் குதிரை என்று விற்பதை அவர் உதாரணமாகவே சொல்கிறார்.

பம்பரில் கீறல், கதவில் நசுங்கல் எல்லாம் ஒற்றைக் கண். அவன் பார்த்துக்கொள்வான். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு வரும்போது ஒரு சத்தம் வருமே, உங்களுக்கு மட்டுமே தெரிந்த சத்தம், அது மறைந்த குறை. நீண்ட தூரம் ஓடினால் மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறுவதும், மழையில் பிரேக் ஒரு பக்கம் இழுப்பதும் அப்படித்தான். "அவன் கேட்கலையே சாமி" என்பீர்கள். பிரேக் இழுக்கும் வண்டியில் அவன் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள். கேட்காததெல்லாம் அங்கே ஒரு சமாதானமா? போர்டு மாற்றிய வண்டியையும் இதில் சேர்க்கிறேன். மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடியதை வெள்ளை போர்டுக்கு மாற்றி, "ரிட்டயர்டு வாத்தியார் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்" என்று விற்கிறார்களே, அந்த வாத்தியாரை நான் இதுவரை பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டில் அவர் எத்தனை கார்தான் வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

வாங்குகிறவரும் சுத்தமில்லை. நீதிமொழிகள் இருபதாம் அதிகாரத்தில் வரும் ஆளைப் பாருங்கள். பொருளைப் பார்த்து மட்டம், மட்டம் என்று மூக்கைச் சுளித்து விலையைக் குறைக்கிறார். வாங்கிக்கொண்டு வெளியே போனதும், என்ன விலைக்கு அடித்தேன் தெரியுமா என்று பெருமையடிக்கிறார். ஆண்டவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதியதைப் படித்தால், நேற்று நம் டீக்கடையில் கேட்டதுபோல இருக்கிறது. பேரம் பேசுவது தப்பில்லை. எதிரில் நிற்பவரின் நெருக்கடியைப் பிடித்து நசுக்குவது தப்பு. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இன்று மாலைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று வண்டியை விற்க நிற்கிறவரிடம், மூன்று லட்சத்து வண்டியை ஒன்றரைக்குக் கேட்டு வாங்கி வந்து, "லக்கு சாமி" என்று மந்திரிக்க வந்தால் நான் என்ன செபத்தைச் சொல்வது? அடுத்தவரின் அறியாமையையோ கஷ்டத்தையோ பயன்படுத்தி விலையில் விளையாடுவதை நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏழாவது கட்டளைக்குக் கீழே, 2409ஆம் எண்ணில், திருட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறது. அங்கே விலையை ஏற்றுகிறவரைப் பற்றித்தான் பேச்சு. நெருக்கடியில் நிற்பவரிடம் விலையை அடிக்கிறவரும் அதே கணக்கில்தான் வருவார் என்று நான் படிக்கிறேன்.

புனித அகுஸ்தீனார் தமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அவரிடம் ஒரு புத்தகம் விலைக்கு வந்தது. விற்க வந்தவருக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை. மிகக் குறைந்த விலை சொன்னார். அந்த மனிதர், விற்பவரே எதிர்பாராத விதமாக, அதற்குரிய சரியான விலையைக் கொடுத்து வாங்கினார். அகுஸ்தீனார் இதை எங்கே எழுதினார் என்றால், மூவொரு கடவுளைப் பற்றிய நூலில். எல்லாருமே மலிவாக வாங்கவும் கூடுதலாக விற்கவும்தான் ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு கூத்துக்காரன் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினானாம். அவனுக்குப் பதிலாகத்தான் இந்தப் புத்தகம் வாங்கிய மனிதரை நிறுத்துகிறார். அவர் ஒருவர் இருந்தாலே கூத்துக்காரன் சொன்னது பொய்யாகிவிடுகிறது.

பேப்பருக்கு வருவோம். "நம்பிக்கைதான் சாமி, தெரிஞ்ச பையன்" என்று சொல்லி, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து வண்டியை அனுப்பிவிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். எரேமியா இறைவாக்கினரைவிட நம்பிக்கை உள்ளவர் யார்? பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, அவரோ காவல்கூடத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினர் அனமேலிடமிருந்து அனத்தோத்தில் நிலம் வாங்குகிறார். கடவுளின் சொல்லை நம்பித்தான் வாங்குகிறார். அப்படியும் பதினேழு செக்கேல் வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்சாடியில் வைக்கச் சொல்கிறார். நம்பிக்கை உள்ளவர் பேப்பரைச் சரியாக வைத்தார்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயரை மாற்ற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் இதுதான் விதி. வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி என்று வேலை அதிகம். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஹெச்.பி. என்ற கடன் பதிவு கேன்சல் ஆனதா என்று ஆர்.சி.யில் பாருங்கள். பெயர் மாற்றாவிட்டால் என்ன ஆகிவிடும்? கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரைப் பற்றி 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. விபத்து நடந்தபோது வண்டியை ஓட்டியது யாரோ, வைத்திருந்தது யாரோ. ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போதோ விற்று மறந்த வண்டி.

இரண்டாம் வாசகத்தை நாம் பிலமோன் 17ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டோம். வீட்டுக்குப் போய் அடுத்த இரண்டு வசனத்தையும் படியுங்கள். ஓடிப்போன அடிமை ஒனேசிமைத் திருப்பி அனுப்பும் பவுல், அவன் உமக்கு ஏதாவது நட்டம் வைத்திருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்கிறார். அதோடு விடவில்லை. நான் ஈடு செய்வேன் என்று தம் கையாலேயே எழுதித் தருகிறார். சிறையில் இருக்கும் மனிதர், கையில் காசில்லாதவர், அடுத்தவனுடைய கடனைத் தெரிந்தே தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். அன்பு என்றால் அப்படி ஒரு கையெழுத்து. நாமோ நம்முடைய கிளட்ச் செலவை, நம்முடைய வெள்ளத்தை, நம்முடைய பழைய விபத்தை யாரோ ஒருவர் கணக்கில் சத்தமில்லாமல் எழுதிவிட்டு, ஆர்.சி.யில் மட்டும் நம் பெயரை விட்டு வைக்கிறோம்.

இன்னும் ஒன்று. இன்றைய நற்செய்தியின் கடைசி வசனம் எல்லாருக்கும் உறுத்தும். தன் உடைமையையெல்லாம் விட்டுவிடாதவர் என் சீடராக முடியாது என்று ஆண்டவர் சொல்கிறார். அப்படிச் சொன்னவரின் வசனத்தை வைத்துக்கொண்டு கார் வாங்கச் சொல்லித்தருகிறாரே சாமியார் என்று பின்வரிசையில் யாராவது நினைக்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இதுதான். வண்டி வாங்கப் போகும் இடத்தில் ஏமாறுகிறவர் பெரும்பாலும் விவரம் தெரியாதவர் அல்லர். ஏற்கெனவே மனசைக் கொடுத்துவிட்டவர். போட்டோவைப் பார்த்ததுமே சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மெக்கானிக் சொல்வது காதில் ஏறுமா? பெடல் தேய்ந்திருப்பது கண்ணில் படுமா? அட்வான்ஸ் கொடுத்த பிறகும் "வேண்டாம் தம்பி, வர்றேன்" என்று எழுந்து வர முடிகிறவருக்குத்தான் கண் தெளிவாகத் தெரிகிறது. விட்டுவிடும் மனசு கண்ணை மறைக்காது. ஆண்டவர் கேட்பது அதைவிட எவ்வளவோ பெரிய விடுதல். ஒரு பழைய காரை விட்டு எழுந்து வர முடியாத நமக்கு, அது எங்கே தொடங்கும் என்றாவது தெரிந்திருக்கட்டும்.

அந்த டயாலிசிஸ் குடும்பம் அந்த வண்டியை வாங்கவில்லை. வேறொன்று வாங்கினார்கள். ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒரே ஓனர், ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில். விற்றவர், "ஏ.சி. கம்ப்ரசர் ஒரு வருஷத்துல போயிரும், அதுக்குன்னு பதினஞ்சு குறைச்சிக்கிடுங்க" என்று அவராகவே சொன்னாராம். அவர் நம் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. சாமி கும்பிடுவது வேறு இடத்தில்.

பெயர் மாற்றாமல் கிடக்கும் ஆர்.சி. யார் வீட்டிலாவது இருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பங்கு ஐயா ஒருவர் பூசை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்தில் இருப்பார். 29, 30 ஆகிய இரண்டு படிவங்களையும் அவரே நிரப்பித் தருவார். காசு கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வாகனம் மந்திரிப்பு உண்டு. விற்க நிறுத்தியிருக்கும் வண்டியை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கை.